கூடை போட்ட சால்வை

என் அம்மா கோவிந்தம்மாள் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவள். நான்கு கட்சி மாறியவள். கல்லூரியில் என்னைப் பார்த்ததும், "உங்கம்மா இன்னிக்கு எந்தக் கட்சி?" என்று கேட்காத ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை வாங்கிவிட்டேன்.

ஏன் மாறுகிறாய் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "பஸ்ஸு."

எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. பத்தாவதுக்கு மேல் வெளியூரில்தான் பள்ளி. பஸ் பிடிக்கப் பொம்மிடி ரோட்டுக்குக் காட்டு வழியாக நடக்க வேண்டும். அதற்குப் பயந்தே பெண் பிள்ளைகளைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவார்கள். நான் நின்றுபோகாததற்குக் காரணம், அம்மா தினமும் என்னோடு நடந்ததுதான். போன வருடம் எதிர் வீட்டுத் துளசி பத்தாவது. பஸ் வந்தால் பதினொன்றாம் வகுப்பு, வராவிட்டால் மாப்பிள்ளை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

சேரும் நாளில் எல்லாக் கட்சியும் பஸ் விடுவதாகச் சொல்லி அம்மாவுக்குச் சால்வை போர்த்தும். பனிக்காலத்தில் அப்பா அவற்றை மாடுகளுக்குப் போர்த்துவார். சால்வையில் இருக்கிற சின்னப்படி செவலைப் பசு உரல் கட்சி, அதன் கன்று சீப்புக் கட்சி. நல்ல சால்வைகளை மட்டும் பீரோவில் வைப்பார், வேறு யாருக்காவது போர்த்த. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். சால்வை ஒரு வீட்டில் தங்காது.

பூட்டுக் கட்சி ஆட்சியில் இருந்தது. அதில் சேரத் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பினாள் அம்மா.

"நான் வரலம்மா. மானம் போவுது."

"போனாப் போவுட்டும் கண்ணு. துளசி படிக்கோணுமில்ல?"

"போன தடவையும் இப்படித்தான் யாரையோ சொன்ன."

"போன தடவ அவங்க ஏமாத்துனாங்க. நானா ஏமாத்துனேன்? பையத் தூக்கு, வா."

தூக்கினேன்.

மேடையில் மாவட்டச் செயலாளருக்கு அம்மா, அப்பா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த சால்வையைப் பிரித்துப் போர்த்தினாள். பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். பூட்டுக் கட்சிக்காரரின் நெஞ்சில், தங்க ஜரிகையில், பெரிய கூடை ஒன்று உட்கார்ந்திருந்தது. கூடைக் கட்சி மகளிர் மாநாட்டுச் சால்வை.

என் பக்கத்தில் அப்பா முணுமுணுத்தார். "மடிச்சி வெச்சிருந்துச்சி. நான் பிரிச்சிப் பாக்கல புள்ள."

"என்னம்மா, கேலி பண்றீங்களா?" என்றார் செயலாளர்.

அம்மா மைக்கைப் பிடித்தாள்.

"கேலி இல்லீங்க. பஸ் வுடறோம்னு சொல்லி அவங்க எனக்குப் போர்த்துனதுங்க இது. பஸ் வரல. சால்வ மட்டும் வூட்ல கெடந்துச்சி. இப்ப நீங்களும் போர்த்துங்க, வாங்கிக்கறேன். எங்கூருக்குப் பஸ் வரலைன்னா, உங்க சால்வையையும் இன்னொருத்தர் தோள்ல பாப்பீங்க."

செயலாளர் சால்வையை உருவிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அம்மாவுக்கு உறுப்பினர் அட்டை தரவில்லை. பிரியாணிப் பந்திக்கும் யாரும் கூப்பிடவில்லை. அப்பா மேடையேறிச் சால்வையைப் பொறுக்கி, தூசு தட்டி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. கமெண்டில் அம்மாவைத் திட்டிய அத்தனை பேரையும் நான் உட்கார்ந்து திட்டினேன். பச்சோந்தி என்று எழுதியவனுக்கு, "உன் ஊருக்குப் பஸ் இருக்கில்ல, மூடிட்டுப் போ" என்று எழுதினேன். அவளைத் திட்டுகிற உரிமை என் ஒருத்திக்குத்தான்.

பள்ளி திறக்கும்போது பஸ் வந்தது. வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாமல் பூட்டுக் கட்சிக்காரர்கள் பஸ் விட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அதே செயலாளர்தான் கொடியசைத்தார். அம்மாவைக் கூப்பிடவில்லை. அவள் கூட்டத்தின் பின்னால் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் சீருடையில் இருந்த துளசி அவளைத் தேடிக் கை காட்டினாள்.

காலையில் பஸ் ஒரு நடைதான். சாயங்காலம் பஸ் இல்லை. ரோட்டில் போய் நின்று துளசியைக் காட்டு வழியாக அழைத்து வருகிறவள் அம்மா.

ஒரு நாள் முள் குத்திய காலோடு வந்து உட்கார்ந்தாள். "சாயங்கால பஸ்ஸுக்கு உரல் கட்சியில பேசியிருக்கேன்."

"அதுலேருந்துதானேம்மா முதல்ல வெளிய வந்த!"

"அப்ப இருந்த ஆளுங்க இப்ப இல்லடி."

நான் எழுந்து பீரோவைத் திறந்தேன். சின்னம் எதுவும் இல்லாத சால்வையாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் அம்மா, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "கூடை போட்டதே இருக்கட்டும் கண்ணு. அதுக்குத்தான் பஸ் வருது."