கதவு பூட்டிக்கொண்டது

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டது. பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பேசுகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'அறிவிப்பு'. கடைக்குப் போனால், "வாங்க அறிவிப்பு, உங்க பஸ் இன்னிக்காவது நேரத்துக்கு வருமா?" என்று கிண்டல் செய்வார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'குட்டி அறிவிப்பு' என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குரல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. வினையே அந்த நம்பிக்கையால்தான் வந்தது.

துறைமுகத்தை ஒட்டி இருக்கும் பழைய கிடங்கை ஓட்டலாக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் ஒரு நினைவுக்கூடம். வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நடந்தால், நடந்ததையெல்லாம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். அந்தக் குரலுக்குத்தான் அவளைக் கேட்டிருந்தார்கள். பின்பக்கம் மதுக்கூடம். மூட்டை தூக்கியவர்கள் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்த அதே அறையில், சுவரைக்கூடப் பூசாமல், "பழமை கெடாம அப்படியே வச்சிருக்கோம்" என்று மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். சுற்றிக் காட்டிய ஓட்டல்காரர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அது ஊருக்கே தெரிந்த கதை. விஷக் காய்ச்சல் பரவிய ஒரு கோடையில், காய்ச்சல்காரர்கள் இருந்த கப்பலில் ஏறிச் சரக்கு இறக்க மாட்டோம் என்று மூட்டை தூக்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். வழிக்கு வரும்வரை கிடங்குக்குள்ளேயே கிடக்கட்டும் என்றான் துரை. கிடங்குக்குச் சன்னல் கிடையாது. மறுநாள் திறந்து பார்த்தபோது வழிக்கு வருவதற்கு உள்ளே ஆளில்லை. அவளுடைய அப்பாவின் தாத்தா அங்கே செத்தவர்களில் ஒருவர். அவள் பிறந்த தெருவில் இந்தக் கதை இல்லாத வீடே கிடையாது.

பூட்டியது யார் என்பதும் ஊருக்குத் தெரியும். தன் குடையைத் தானே பிடித்துக்கொள்ளாத துரையா கதவைப் பூட்டப் போகிறான்? சாவி இருந்தது அவளுடைய மாமனாரின் தாத்தாவிடம். அதனால்தான் இன்றைக்கும் அது சாவிக்காரர் வீடு. "என்ன சாவிக்காரரே, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால் மாமனார் அதை ஏதோ பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு தலையை அசைப்பார். மகன் அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டபோது, பூட்டின வீட்டுப் பையனுக்குப் பூட்டுப்பட்ட வீட்டுப் பெண்ணா என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, விடு" என்றான் அவன். கல்யாண வயசில் எல்லாம் சரியாகத்தான் படும். அவன் இப்போது வருஷத்தில் பாதி நாள் கப்பலில் இருக்கிறான். இவள் மாமனாரோடு இருக்கிறாள்.

அந்த மாமனார்தான் நினைவுக் குழுவுக்குத் தலைவர் என்பது கூத்து. வருஷா வருஷம் மேடையேறி, கழுத்து நரம்பு புடைக்க, "மறக்கவும் மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம்" என்று துரைமாரைக் கரித்துக் கொட்டுவார். முன்வரிசையில் பேத்தி உட்கார்ந்து எல்லோருக்கும் முந்திக் கை தட்டும். தாத்தா என்றால் அதற்கு அவ்வளவு உயிர். அந்தக் குழந்தை முகத்துக்காகவே அறிவிப்பு இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஒலிப்பதிவு அன்று சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய ஒரு குட்டி அறையில் அவளை உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவருக்குப் பின்னால் சோபாவில் மாமனார், ஓட்டல்காரர், வசனம் எழுதிக் கொடுத்த வரலாற்றுப் பேராசிரியர். நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். செத்தவர்களைப் பற்றி அவள் வாசிக்க வாசிக்க மூன்று வாயும் அரைத்துக்கொண்டே இருந்தது.

"அன்று மாலை கிடங்கின் கதவு பூட்டப்பட்டது" என்று வாசித்தபோது ஓட்டல்காரர் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். 'பூட்டப்பட்டது'ன்னா யாரோ பூட்டின மாதிரி இருக்கே?"

"யார்னு சொல்லலையே" என்றார் பேராசிரியர். "அதுக்குத்தான் அப்படி எழுதியிருக்கு. யாருக்கும் மனசு நோகாது."

"ஏன் சொல்லலை? சொல்லணும்!" என்று மாமனார் துள்ளியெழுந்து கண்ணாடியருகே வந்தார். "வெள்ளைக்காரன் பூட்டினான்னு போடுங்க சார். பயமா உங்களுக்கு?"

"ஐயா, அந்த வெள்ளைக்காரன் பேரப்பிள்ளைங்கதான் நம்ம ஓட்டல்ல வந்து தங்கப் போறாங்க. ரூம் எடுத்துத் தங்கிட்டு, காதுல இதை மாட்டிக்கிட்டுத் திட்டும் வாங்கணுமா? தாத்தா செஞ்சதுக்குப் பேரன் என்ன செய்வான்? பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது? ஆகவேண்டியதைப் பார்ப்போம்."

"பழசா? இது எங்க ரத்தம்யா! உங்களுக்கு வியாபாரம்."

ரத்தம் என்று சொன்ன வாயிலிருந்து பிஸ்கட் தூள் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியது. அறிவிப்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த 'பட்டது' வியாபாரம் அவளுக்குப் புதிதல்ல. 'பேருந்து ரத்து செய்யப்பட்டுள்ளது' என்று வாரம் தவறாமல் சொல்கிறவள் அவள். ரத்து செய்தவன் மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருப்பான். கைக்குழந்தையோடு நிற்கிறவள் இவளுடைய சன்னலுக்கு வந்து இவளைத்தான் வண்டை வண்டையாகத் திட்டிவிட்டுப் போவாள். செய்தவனைத் தப்ப வைக்கத்தான் அப்படி ஒரு வார்த்தையே இருக்கிறது என்பது அவள் முடிவு.

"அப்ப இப்படி வைங்களேன்" என்றார் ஓட்டல்காரர். "கதவு பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான். யாரும் பூட்டலை. என் கார்க் கதவுகூட அப்பப்பப் பூட்டிக்குது."

"பூட்டு அந்தக் காலத்துப் பூட்டு சார்" என்றார் ஒலிப்பதிவாளர். "சாவி இல்லாம எப்படி..."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் தன் வேலையைப் பார்த்தார். "அக்கா, மூணையும் ஒருதடவை சொல்லிடுங்க. எது காதுக்கு நல்லா இருக்குன்னு கேட்டுப் பார்த்துக்கட்டும்."

அவள் சொன்னாள். கதவு பூட்டப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கதவைப் பூட்டினார்கள். கதவு பூட்டிக்கொண்டது. மூன்றாவதைச் சொல்லும்போது நாக்கில் எதுவோ ஒட்டிக்கொண்ட மாதிரி அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. வருஷக்கணக்கான பழக்கம், சும்மா போகுமா?

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். ஒலிவாங்கி திறந்திருந்ததால், அந்தப் பக்கத்து அறை முழுக்க அவளுடைய பேருந்து நிலையக் குரல் கேட்டது. "துரை பூட்டச் சொன்னான். சாவிக்காரர் பூட்டினார். நடந்தது அதுதானே? அப்படியே சொல்லிட்டா என்ன?"

பேராசிரியர் கையில் இருந்த பிஸ்கட் வாய்க்குப் போகாமல் நின்றது. மாமனார் முகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா பேசறே? அவர் சம்பளத்துக்கு இருந்தவரு. சொன்னதைச் செஞ்சாரு. செய்யலேன்னா அவரையும் பிடிச்சு உள்ள தள்ளியிருப்பான்."

"தள்ளியிருப்பான் மாமா. நான் இல்லேங்கலை. அதையும் சேர்த்தே போடுங்க. பயந்து பூட்டினார்னு போடுங்க. நானே வாசிக்கிறேன்."

"செத்துப் போன மனுஷனை இழுத்துத் தெருவுல போடணுமா? நூறு வருஷத்துச் சமாசாரம். இப்பப் போய்ப் பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று அவருக்கே உறைத்தது. ஓட்டல்காரர் கையைத் தட்டிச் சிரித்தார். "அதைத்தானேய்யா நான் வந்ததிலேர்ந்து சொல்றேன்!"

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கொஞ்சம் முன்பு ஒருவர் கழுத்தை ஒருவர் கடிக்காத குறையாக இருந்தவர்கள் ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். 'பூட்டிக்கொண்டது' இலக்கணப்படி தப்பில்லை என்று பேராசிரியர் சான்றிதழ் கொடுத்தார். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதுதான் பெருந்தன்மை என்றார் ஓட்டல்காரர். மாமனார், துரைமாரின் பேரப்பிள்ளைகளை மன்னிக்கிற பெரிய மனசு தனக்கு உண்டு என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் பெயர் அடிபடும்வரை மறக்கவே கூடாது, தன் வீட்டுப் பெயர் வந்தால் மறந்துவிட வேண்டும். எதிரியும் தப்பினான், இவரும் தப்பினார். செத்தவர்கள் மட்டும் யாராலும் சாகாமல் செத்துப் போனார்கள்.

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள்.

"நான் வாசிக்கலை. வேற ஆளைப் பாருங்க."

வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் குனிந்து காறித் துப்பினாள். குழாயைத் திறந்து வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.

வீட்டில் மாமனார் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். உப்பு வேண்டுமென்றால்கூடப் பேத்தியிடம் சொல்லித்தான் கேட்டார். கணவன் தொலைபேசியில், "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றான். அவள் எதற்கும் அசையவில்லை. யார் குரலில் வேண்டுமானாலும் புளுகிக்கொள்ளட்டும், என் வாயால் வராது என்று இருந்தாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட.

திறப்பு விழாவுக்கு அவள் போயிருக்கவே மாட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா வந்தே ஆகவேண்டும் என்று குட்டி அழுது ஊரைக் கூட்டியது. வாசலில் பூச்செண்டும் கைகுலுக்கலுமாக அமர்க்களப்பட்டது. துரைமார் நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர், பாவம், எல்லோரிடமும் தலை குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தார். தன்னிடம் அவர் எதற்காக வருந்துகிறார் என்று தெரிந்தும் மாமனார் தாராளமாக அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே மதுக்கூடத்திலிருந்து கண்ணாடிக் குவளைகளின் சத்தம் கேட்டது.

குட்டி தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு, காதில் கருவியோடு ஒவ்வோர் இடமாக நின்று கேட்டது. கிடங்கின் பெரிய கதவுக்கு முன்னால் வந்ததும் அதன் முகம் மலர்ந்தது.

"அம்மா! இங்க மட்டும் நீ பேசறே!"

அவள் குழந்தையின் காதிலிருந்து கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் காதில் வைத்தாள். அதுவரை வந்த இடங்களிலெல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் குரல். இந்தக் கதவுக்கு மட்டும் அவளுடையது. ஊர் நம்புகிற அந்தக் குரல், ஒரு தடங்கல் இல்லாமல், தெளிவாகச் சொன்னது. கதவு பூட்டிக்கொண்டது. கேட்டுப் பார்ப்பதற்கென்று சொல்ல வைத்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

குட்டி அதற்குள் கதவில் தொங்கிய பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. அதன் தலையளவு இருந்தது பூட்டு.

"தாத்தா, இவ்ளோ பெரிய பூட்டு எப்படித் தானா பூட்டிக்கும்?"

"அது பழைய காலத்துக் கதவுடா கண்ணு. காத்து அடிச்சா பூட்டிக்கும்."

"பொய்" என்றாள் அறிவிப்பு. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "தானா பூட்டிக்கலை குட்டி. துரை பூட்டச் சொன்னான். தாத்தாவோட தாத்தா பூட்டினார். உள்ள செத்துப் போனவங்கள்ல ஒருத்தர் என் அப்பாவோட தாத்தா. வெளிய நின்னவரும் உன் தாத்தாதான், உள்ள கிடந்தவரும் உன் தாத்தாதான்."

"குழந்தைகிட்ட என்ன பேச்சு இது?" என்று மாமனார் பல்லைக் கடித்தார்.

குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. நிஜமா என்று கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் பிடியிலிருந்து கையை மெல்ல உருவி, பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டது.

அறிவிப்பு தன் கையை நீட்டினாள். குட்டி அதைப் பிடிக்கவில்லை. அம்மாவின் காதில் இருந்த கருவியைக் காட்டிக் கேட்டது.

"அப்ப நீ ஏம்மா பூட்டிக்கிச்சுன்னு சொன்னே?"