சோதனைக் கட்டிகள்

வார்த்துச் சரியாக இருபத்தெட்டு நாள் முடிந்த அன்று காலை, சோதனை அறையைப் பார்த்துக்கொள்ளும் குணசுந்தரி மூன்று கான்கிரீட் கட்டிகளையும் எந்திரத்தில் வைத்து நசுக்கினாள். மூன்றும் குறித்த பளுவுக்கு முன்பே உடைந்தன. கெடிலம் ஆற்றங்கரைச் சாலையில் பாலம் போட்ட அதே கலவையில் வார்த்து, பலம் பிடிப்பதற்காக அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருந்த கட்டிகள் அவை.

நகராட்சி எஞ்சினியர் தில்லைநாதன், பாலம் கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சிமெண்டை வச்சு உன் வீட்டுக்கு மாடி எழுப்பிட்டியா? பாலத்தை இடிக்கணும்யா. இனிமே உனக்கு இங்க வேலை கிடையாது."

"மூட்டையை எண்ணித்தான் சார் கொட்டினேன்," என்றார் மேஸ்திரி சடையப்பன். "ஒரு பிடி கொறைஞ்சிருந்தாலும் என் கை அழுகிப்போவட்டும்."

பிறகு, அருகில் நின்ற குணசுந்தரி பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. ஏன் ஒடைஞ்சிதுன்னு நீயாவது சொல்லும்மா."

சிமெண்டு அரித்து வெடித்திருந்த அவர் விரல்களை அவளால் பார்க்க முடியவில்லை. முந்தானையில் முடிந்திருந்த அறைச் சாவி இடுப்பில் உறுத்தியது.

"சார்," என்றாள். "கட்டி வார்த்த மறுநாளே ஆருத்ரா தேருக்குச் சிதம்பரம் போயிட்டேன். சாவியும் என்கிட்டதான் இருந்துது. தொட்டி ஒழுகும்னு எனக்குத் தெரியும். அஞ்சு நாள் கட்டிங்க தண்ணியில்லாம காய்ஞ்சு கெடந்துது சார்."