அண்ணன் பார்க்காத முகம்

திருமூர்த்திக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. சத்தம் போடுகிறவர்களின் கோபம் கோடை மழை, கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இவருடையது ஊறுகாய் ஜாதி, நாளாக நாளாகத்தான் ஊறும். தம்பி நஞ்சுண்டன்மேல் வைத்த கோபம் மூன்று வருடமாக ஊறிக்கொண்டிருந்தது. அண்ணன் டெக்சாஸில் ரிச்சர்ட்சன், தம்பி ஜெர்சி சிட்டி. இரண்டு ஊருக்கும் நடுவே போனில் பேச்சு இருந்தது, ஆனால் அது அண்ணி ஷ்யாமளாவுக்கும் கொழுந்தனுக்கும் மட்டும்.

1998 கத்திரி வெயிலில் பவானியில் அப்பா இறந்துபோனார். விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்குப் போயிருந்த நஞ்சுண்டன் அப்போது பக்கத்திலேயே இருந்தான். திருமூர்த்தி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: நான் வந்து சேர்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. தகப்பனுக்குத் தலைமகன் கொள்ளி, தாய்க்குக் கடைக்குட்டி கொள்ளி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிராங்பர்ட்டில் விமானம் பழுதாகி ஒருநாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அவர் பெட்டியோடு வாசலில் போய் இறங்கியபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. தம்பி மொட்டைத் தலையோடு எதிரே வந்தான்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டார். "எடுக்க வேண்டியதாப் போச்சுங்ணா" என்றான். அதற்குமேல் எத்தனை கேட்டும் வாயில் கொழுக்கட்டை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார் திருமூர்த்தி. சொன்ன சொல்லை அமெரிக்காவுக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

அதன்பிறகு அவர் ஓர் ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடவில்லை. கொள்ளி வைக்காதவனுக்குத் தண்ணீர் விட என்ன பாத்தியதை என்பது அவர் கட்சி. ஊரில் அம்மா ராமாத்தாளுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. என் கண் மூடுவதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து உங்கப்பனுக்குத் தண்ணி விடுங்கள் என்று வாராவாரம் போனில் மருமகளிடம் அழுதாள். அம்மா போய்விட்டால் அவள் பாடைக்கு அந்தப் பக்கம் ஒருவனும் இந்தப் பக்கம் ஒருவனுமாக நிற்பார்களோ என்று ஷ்யாமளாவுக்குப் பயமாகவே இருந்தது. அண்ணன் தம்பி விவகாரத்தில் புகுந்தவள் கெட்டாள் என்பார்கள். கெட்டால் கெட்டுப்போகிறது என்று அவள் புகுந்தாள்.

2001 ஜூலையில் வழி கிடைத்தது. திருமூர்த்தியின் டெலிகாம் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் இவரை மூன்று வாரம் மேற்கு பிரான்சுக்கு, டூர் நகரத்துக்கு அனுப்பினார்கள். மகள் யாமினியைப் பக்கத்து ஊரான ஆலனில் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு ஷ்யாமளாவும் கிளம்பினாள். கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை லீவு போடச் சொன்னாள். இரண்டு ஆறு கூடுகிற பழைய கிராமம் ஒன்று இருக்கிறதாம், பழைய கோயில், ஆற்றோரமாக நடக்கப் பாதை, போய்வரலாம் என்றாள். பவானிக்காரரிடம் இரண்டு ஆறு கூடுகிறது என்றால் வேறென்ன சொல்வார், சரி என்றார்.

காலையில் ஓட்டலை விட்டு வெளியே வந்தால், வாடகைக் காருக்குப் பக்கத்தில் முதுகுப் பையோடு நஞ்சுண்டன் நின்றுகொண்டிருந்தான்.

திருமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவளும் நேராகவே பார்த்தாள்.

"வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதானுங்களே சொன்னீங்க? இது நம்ம வீடுங்களா?" என்றாள்.

அவர் ஏறிக் காரை ஸ்டார்ட் பண்ணினார். நஞ்சுண்டன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். ஒருமணி நேரப் பாதையில் ஷ்யாமளா மட்டும் சூரியகாந்திக் காட்டைப் பற்றியும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் தம்பியின் நெற்றி தெரிந்துகொண்டே இருந்தது. முன்முடி உதிர்ந்து, அது அப்பாவின் நெற்றியாகிக்கொண்டிருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா இல்லை. அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார்.

கிராமத்தின் பெயர் காந்த். வியென் ஆறு வந்து லுவார் ஆற்றில் சேருகிற மூலை. வெள்ளைக் கல் வீடுகளும், இரண்டு பேர் ஒன்றாகப் போனால் தோள் இடிக்கிற சந்துகளுமாக இருந்தது. நடுவில் எண்ணூறு வருஷத்துக் கோயில், பாதி கோயிலும் பாதி கோட்டையுமாக, மேலே கொத்தளம் வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசல் மண்டபத்தில் சிலைகள் வரிசையாக நின்றன, எந்தக் காலத்துக் கலவரத்திலோ பலவற்றுக்குத் தலை போயிருந்தது. ஷ்யாமளா பழக்கத்தில் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து இரண்டு ஆண்களும் கழற்றினார்கள். வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு நடந்த தளத்தில் மூன்று தமிழர்கள் வெறுங்காலோடு போனார்கள். கல் ஜில்லென்று காலில் ஏறியது.

உள்ளே இருந்த காவல்கார அம்மாள் அந்த வெறுங்கால்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கூட வந்தாள். ஒரு ஜன்னலைக் காட்டித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கதை சொன்னாள். மார்ட்டின் என்ற மகான் இந்த ஊரில்தான் உயிர் விட்டாராம். எங்கள் சாமியார் என்று வேறோர் ஊர்க்காரர்களும், எங்கள் பிஷப் என்று டூர்க்காரர்களும் உடலுக்குச் சண்டை போட்டார்களாம். காவலிருந்த முதல் கூட்டம் கண்ணயர்ந்தபோது டூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கி, படகில் ஏற்றி, ஆற்றோடு கொண்டுபோய்விட்டார்களாம். படகு போன கரையெல்லாம் குளிர்காலத்தில் மரங்கள் பூத்தன என்று சொல்லிச் சிரித்தாள் அந்த அம்மாள்.

திருமூர்த்தி சிரிக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கேட்டியா? உரிமைப்பட்டவன் வாறதுக்குள்ள தூக்கிட்டுப் போறவனுக எல்லா நாட்டுலயும் இருக்கறானுக."

நஞ்சுண்டன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இந்தக் கதை இந்த ஊரில் இருக்கிறதென்று ஷ்யாமளாவுக்குத் தெரியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றோரப் பாதையில் வேண்டுமென்றே வேகமாக முன்னே நடந்தாள். அண்ணனும் தம்பியும் பின்னே வரட்டும், அடித்துக்கொண்டாலும் சரி என்று விட்டுவிட்டாள்.

பாதையில் வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அடி தட்டையான பழைய மரப்படகு ஒன்றைக் கரையில் கட்டியிருந்தார்கள். அந்தப் படகுக்குப் பக்கத்தில் நஞ்சுண்டன் நின்றான்.

"ண்ணா, அம்மாவுக்கு ஒடம்பு இப்படி இருக்கறதுனால சொல்றேன். இல்லீன்னா சொல்லியே இருக்க மாட்டேன்."

அப்பா இறந்த அன்று ஈரோட்டிலிருந்து வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சூறைக்காற்று அடித்து மின்கம்பம் சாய்ந்தது. ஊரெல்லாம் கரண்ட் இல்லை. ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள், கத்திரி வெயிலுக்கு அது எம்மாத்திரம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் நஞ்சுண்டனும் கோபாலசாமி மாமாவும் மட்டும்தான்.

"அது அப்பா மொகமா இல்லீங்ணா. நான் துணி போட்டு மூடிப்போட்டேன். அம்மாவக் கூடப் பாக்க உடலை. நீங்க வந்தா தொறக்கச் சொல்லுவீங்க. அதான் எடுத்துட்டேன்."

"அன்னிக்கே இதச் சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க பாத்த மாதிரியேதானுங்ணா. மனசுக்குள்ள ஒரு மொகத்த வரைஞ்சுக்குவீங்க. திட்டினாத் திட்டிட்டுப் போங்கன்னு இருந்துட்டேன்."

எப்படி இருந்தது என்று கேட்கத் திருமூர்த்தி வாயெடுத்தார். "வேண்டாங்ணா" என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வருடமாகத் தன்னைக் களவு கொடுத்தவனாக நினைத்துக்கொண்டிருந்தார். இவனோ காவல் இருந்திருக்கிறான், அதுவும் தன்னந்தனியாக, ஏச்சையும் வாங்கிக்கொண்டு. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நாற்பத்து நான்கு வயது மனுஷன் அந்நிய தேசத்து ஆற்றங்கரையில் வாய்விட்டு அழுதார். நஞ்சுண்டன் பக்கத்தில் நின்றானே தவிர, தொடவில்லை.

ஷ்யாமளா திரும்பி வந்தபோது இருவரும் ஒரே படகில் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பையிலிருந்து பிலிம் ரோல் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். டெக்சாஸிலிருந்தே கொண்டுவந்த கறுப்பு எள்.

"இன்னிக்கு ஆடி அமாவாசைங்க."

இரண்டு ஆறும் சேருகிற மூலையில் மணல் சரிவாக இறங்கியிருந்தது. பேண்ட்டை மடித்துவிட்டு இருவரும் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார்கள். மூத்தவர் முதலில் விட வேண்டும் என்று நஞ்சுண்டன் ஒதுங்கி நின்றான். திருமூர்த்தி எள்ளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"கொள்ளி வெச்சவன் நீ. நீ மொதல்ல உடு."

நஞ்சுண்டன் கையில் தண்ணீர் அள்ளினான். அள்ளினவன் விடாமல் அப்படியே நின்றான். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. மறுபடி அள்ளினான், மறுபடி தீர்ந்தது.

"என்றா ஆச்சு?"

"அப்பன நெனச்சுட்டு உடோணும்பாங்க. எனக்கு அந்த மொகந்தானுங்ணா வருது. எப்ப நெனச்சாலும் அதுதான்."

திருமூர்த்தி தம்பியின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அள்ளினார்கள்.

"கண்ண மூடு. நான் மொதத் தடவை அமெரிக்கா கெளம்புனப்ப நீ காலேஜ் பரிச்சைல இருந்த. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்தாரு. கக்கத்துல ஒரு ஜமக்காளம். ப்ளேன்ல சீட்டு கெடைக்கலீன்னா கீழ விரிச்சுப் படுத்துக்கடான்னாரு. பக்கத்துல நின்ன போலீஸ்காரன் சிரிச்சுப்போட்டான். அப்பாவுக்கு வெக்கமாப் போச்சு. அப்பறம் அவரும் சிரிச்சாரு. வெத்தலக் காவி ஏறின பல்லு, முன்னால ஒண்ணு கொஞ்சம் ஒடைஞ்சிருக்குமே, அது தெரியச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. தெரியுதா?"

நஞ்சுண்டன் கண்ணைத் திறக்கவில்லை.

"பல்லு தெரியுதுங்ணா" என்றான்.

இருவர் கையிலிருந்தும் எள்ளும் தண்ணீரும் ஆற்றில் இறங்கின.