எந்தச் சிவப்பு

என் வீட்டில் டீ கலக்க ஒரு ஸ்பூன் கிடையாது. விருந்தாளி வந்தால் டம்ளரை ஆட்டி ஆட்டிக் கொடுக்கிறேன். ஸ்பூன் இல்லாமல் இல்லை. ஜன்னலோரம் கொடி கட்டி, துணிக் கிளிப் போட்டு, வரிசையாகத் தொங்குகிறது. எல்லாம் சிவப்பு. ஒன்று மிளகாய்ச் சிவப்பு, ஒன்று செங்கல், ஒன்று தக்காளி, ஒன்று காய்ந்த ரத்தம். பெயிண்ட் எப்படி விழுகிறது என்று பார்க்க வளைவான ஸ்பூன்தான் வசதியாம். என் வீட்டுக்காரர் முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கினார். அது தீர்ந்ததும் என் அடுக்களையில் கை வைத்தார். உலகத்தில் இத்தனை சிவப்பு இருக்கிறது என்பதே இந்த மனுஷரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார்; இவர் மெழுகில் செதுக்கி, அச்சு வார்த்து, பல் கட்டிக் கொடுப்பார். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவர் தன் வாயைத் திறக்கமாட்டார். கேட்டால் ‘ம்’. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அண்ணனிடம் மட்டும்தான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரும். அதுவும் போனில், அதுவும் காரைப் பற்றி.

அந்த அண்ணன், என் அத்தான், இள வயதில் பந்தயக் கார் ஓட்டியவர். கம்பெனிக் கார் இல்லை. அவரும் ஒர்க்‌ஷாப் கூட்டாளிகளும் இரும்புக் குழாயை வளைத்து, அலுமினியத் தகட்டைத் தட்டி, தாங்களே கட்டிய ஒற்றை ஆள் கார். பெயிண்டுகூட ஒர்க்‌ஷாப்பில் மிச்சம் கிடந்த டப்பாக்களைக் கலந்து அடித்ததுதான். ‘சிவப்பி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு பெரிய பந்தயத்தில் முதலாக வந்தாள். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று ஆகி, சிவப்பி கைமாறிக் கைமாறிக் கடைசியில் பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள் கொஞ்சம் மிஞ்சின.

போன வருஷம் அத்தானுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, நிறுத்த மருந்து இல்லை, மெல்ல மெல்ல அணைந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் அதைப் போனில் தம்பியிடம் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறோம் என்பது மாதிரி.

“டேய், முழுசா போறதுக்குள்ள சிவப்பிய ஒரு தடவ பாக்கணும்டா. நீதான் குட்டி குட்டியா பல்லு செய்யறியே. ஒரு குட்டிச் சிவப்பி செஞ்சு குடேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. “சரிண்ணே” என்று போனை வைத்தவர் அன்றைக்கே மேஜையைக் காலி செய்தார்.

குறை சொல்ல ஆயிரம் இருந்தாலும் கைவேலையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கடையில் பொம்மைக் கார் பாகங்கள் அடைத்த பெட்டி வாங்கி ஒட்டுகிற வேலை இல்லை இது. இந்தக் காருக்குப் பெட்டி ஏது? நிஜ டயரின் அளவு அத்தானுக்கு ஞாபகம் இருந்தது. படத்தில் டயரை ஸ்கேல் வைத்து அளந்து, அதிலிருந்து மற்ற அளவெல்லாம் கணக்குப் போட்டார். நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மரக்கட்டையில் உடம்பைச் செதுக்கி, வாய்க்கு எடுப்பது போலவே அச்செடுத்து, பல்செட் ஈறுக்கு ஊற்றுகிற பொருளையே ஊற்றினார். கார் ரோஸ் நிறத்தில், ஈறு மாதிரியே வெளியே வந்தது.

“என்னங்க, இதுக்குப் பல்லு மொளைக்குமா?” என்றேன்.

“ம்” என்றார்.

சக்கரத்தின் ஆரங்களுக்குக் கோணல் பல்லுக்குக் கட்டுகிற கம்பி. சீட்டுக்கு என் கைப்பையின் தோல், கேட்காமல் வெட்டியது. மூக்குத் தகட்டில் வரிசை வரிசையாக ரிவெட் ஆணித் தலைகள் வேண்டும் என்று, மெல்லிய தகட்டின் பின்பக்கம் ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி எழுப்பினார். பக்கவாட்டில் தலைமுடி போல மெல்லிய கம்பியில் மிளகளவு கண்ணாடி ஒன்று நின்றது. அதில் என் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். “மூச்சு விடாத” என்றார்.

ஒவ்வொன்றுக்கும் அண்ணனுக்குப் போன். கியர் கம்பி இடப்பக்கமா வலப்பக்கமா, புகைக்குழாய் எத்தனை வளைவு, ரிவெட் எங்கே ஆரம்பிக்கும். ரிவெட்டைப் பற்றி மட்டும் அரைப்பொழுது பேசுவார்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை? மூச்! கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்ததால் கோபம் இன்னும் கூடத்தான் வந்தது.

கண் சமாச்சாரம் ஓரகத்தி மூலம் என் காதுக்குத்தான் வரும். அத்தான் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரை யாரோ என்று நினைத்து வழி கேட்டார். இதையெல்லாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தமாகச் சொல்வேன். மேஜைப் பக்கம் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் ஒரு கணம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

கடைசியில் கார் நின்றது. நாலு சக்கரத்தில், ஸ்டியரிங்கோடு, சீட்டோடு, கண்ணாடியோடு. பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எங்கே தெரியும்? மிச்சத்தில் கலந்த பெயிண்ட். எந்தப் பெயிண்ட் கடை நிற அட்டையிலும் அது கிடையாது. ஞாபகத்தை வைத்துக் கலந்தார், ஸ்பூனில் அடித்தார், தொங்கவிட்டார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி கலந்தார். மாதங்கள் ஓடின.

“இப்படியே எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன். பெயிண்ட அப்புறம் அடிச்சா ஆகாதா?”

“ஈறு கலர்லயா?”

“எந்தக் கலரா இருந்தா என்ன? மனுஷன் பாக்கணும்னுதானே கேட்டாரு?”

அப்போதுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார். “அவரு கடைசியா பாக்கப்போறதுடி அது. அதுக்கப்புறம் கண்ண மூடினாலும் தொறந்தாலும் அவருக்கு அதுதான் நிக்கும். அதப் போய்த் தப்பா காட்டச் சொல்றியா?”

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தால் அதுதான் வயிற்றெரிச்சல், அன்றைக்கு எனக்கும் நியாயமாகப் பட்டது.

சரி, அண்ணனையே கேட்டுவிடுவோம் என்று ஸ்பூன்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். கிளம்பும்போதுகூடச் சொன்னேன், காரையும் பையில் வையுங்கள் என்று. “முடியட்டும்” என்றார்.

அத்தான் வாசலுக்கே வந்துவிட்டார். தம்பியின் தோளைப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். “என்னடா, இப்படி எளச்சிட்ட?” என்றார். பிறகு பையைப் பார்த்தார். “எங்க என் சிவப்பி?”

“இல்லண்ணே. கலர் மட்டும் நீங்க சொல்லிட்டீங்கன்னா…”

அத்தான் பையை இன்னொரு தடவை பார்த்தார். “அதுக்கென்ன, எடு” என்றார்.

ஜன்னலோர மேஜையில் துணியை விரித்தோம். ஒவ்வொரு ஸ்பூனாக எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தார். அவ்வளவு பொறுமையாக ஒரு மனுஷர் ஸ்பூன் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் ஒன்றைத் தம்பி கையில் திணித்தார்.

“இதுதான். சந்தேகமே இல்ல. போ, போய் அடிச்சு எடுத்துட்டு வா. சீக்கிரம்.”

செங்கல் சிவப்பு. இருந்ததிலேயே மட்டமானது அதுதான். திரும்பி வருகிற ரயிலில் இவர் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். “இது இல்ல. அண்ணனுக்கு இப்ப செவப்பு சரியாத் தெரியல” என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். “அவரு காரு, அவரு கண்ணு, அவரு சொன்ன கலரு! உங்களுக்கு என்னங்க வந்துச்சு?” ரயில் பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. இவர் ஸ்பூனைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்து அந்தச் சிவப்பையே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பழைய ஒர்க்‌ஷாப் கூட்டாளிகளைத் தேடிப் புறப்பட்டார். ஒருவர் செத்துப்போயிருந்தார், ஒருவருக்கு எதுவும் ஞாபகமில்லை. மூன்றாமவர் ஆணி டப்பாவைக் கொட்டி, சிவப்பியை உடைத்தபோது இரும்புக் கடையிலிருந்து வாங்கிவைத்த அவள் பெட்ரோல் மூடியை எடுத்துக் கொடுத்தார். அதன்மேல் பின்னால் வாங்கியவர்கள் அடித்த பச்சை. அதற்குக் கீழே ஒரு சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், நகக்கண் அளவுக்கு, அந்தச் சிவப்பு.

“இங்க வாயேன், வந்து பாரேன்” என்று என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படிக் கூப்பிட்டதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அழகுதான். உள்ளே கொஞ்சம் கறுப்பை ஒளித்துவைத்துக்கொண்டு, வெயில் பட்டால் எரிகிற சிவப்பு. இவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ ஓடிப்போனது. முடிந்தது, இனி ஒரு வாரம் என்று நானும் நம்பினேன்.

ஒரு வாரமா? அந்தச் சிவப்புக்குச் சரியாகக் கலப்பதற்கே கொடியில் இடம் போதவில்லை. அப்புறம் ஒரு பூச்சு, காய விடு, தேய், மறு பூச்சு, காய விடு, தேய். தூசி விழும் என்று ஃபேன் போடக்கூடாது. ஜன்னல் திறக்கக்கூடாது. கை எண்ணெய் படும் என்று யாரும் கிட்டே போகக்கூடாது. துடைக்கப் போன என்னைப் பார்த்து “தொடாத!” என்று போட்ட கூச்சலில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஓரகத்தியின் போன் வந்தபோது இவர் காரின் பக்கவாட்டில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கம் ஆரம்பிக்கப் போகிறார். “இப்ப வெளிச்சம் இருட்டு மட்டுந்தாண்டி தெரியுது. நேத்து என்னையே யாருன்னு கேட்டாரு” என்று ஓரகத்தி அழுதாள். போனை வைத்துவிட்டு வந்து, பிரஷ் மேலே எழும்வரை காத்திருந்து, சொன்னேன்.

இவர் பிரஷைக் கழுவினார். அதை டப்பாவில் போட்டு மூடினார். “காலைல போலாம்” என்றார். மறுபக்கத்து நம்பரை எழுதவே இல்லை.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் எங்கள் பக்கம் திரும்பியது. பார்வை கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. “கொண்டு வந்துட்டியாடா?”

“கொண்டு வந்துட்டேண்ணே.”

இவர் பெட்டியைத் திறந்து காரை அவர் மடியில் வைத்தார். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்து அறையே சிவந்தது. ஓரகத்தி “அம்மாடி!” என்றாள். அத்தானின் கைகள் காருக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றன.

“தொடலாமாடா?”

இவர் கை தடுப்பதற்குத் தன்னால் முன்னால் போய்விட்டது. பாதியில் நின்றது. “தொடுங்கண்ணே” என்றார்.

அத்தான் மூக்கிலிருந்து ஆரம்பித்தார். விரல் நுனி ரிவெட்டில் பட்டதும் “டேய்! ரிவெட்டு!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். சக்கரத்தைச் சுழற்றினார். சீட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு, “தோலுடா! நெஜத் தோலு!” என்றார். என் கைப்பை போனதற்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது. விரல் பக்கவாட்டில் இறங்கியபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“ஐயையோ. என்னமோ ஒடிஞ்சிடுச்சு.”

“ஒண்ணுமில்லண்ணே. ஒட்டிக்கலாம். நீங்க பாருங்க.”

குனிந்து தரையிலிருந்து அந்த மிளகளவு கண்ணாடியை நான் பொறுக்கிக்கொண்டேன்.

அத்தான் காரை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தபடி கேட்டார். “நான் சொன்ன செவப்புதானே அடிச்ச?”

இவர் என்னைப் பார்த்தார்.

“ஆமாண்ணே. நீங்க சொன்னதேதான்.”

அத்தான் கடகடவென்று சிரித்தார். “போடா பைத்தியக்காரா! நான் எதச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. செவப்பெல்லாம் எனக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுச்சு. நீ கொண்டு வந்த அத்தன ஸ்பூனும் ஒரே சாம்பலாத்தான் இருந்துச்சு. ஏதோ ஒண்ண எடுத்துக் குடுத்தா நீ சட்டுபுட்டுன்னு முடிச்சுக் கொண்டாந்துடுவேன்னு பாத்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கேட்டார்.

“அன்னிக்குக் காரக் கொண்டு வந்திருந்தா… தெரிஞ்சிருக்குமாண்ணே?”

“தெரியாம என்ன? நீ எளச்சதே தெரிஞ்சுதே.” சொல்லி முடித்த பிறகுதான் அத்தானுக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரமாகக் கையை நீட்டித் தம்பியின் தலையைத் தேடிப் பிடித்தார். “சரி, அத விடு. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். எப்படி இருக்கா?”

“செவப்பா இருக்காண்ணே.”

“அது தெரியும். எந்தச் செவப்பு?”

இவர் வாயைத் திறந்தார். மூடினார். அத்தான் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அந்த ஒரு சிவப்புக்காக அத்தனை நாளையும் கொட்டிய மனுஷருக்கு, அதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.