குதிகாலில் எடுத்த ரத்தம்

குழந்தை பிறந்த ஏழாம் நாள் நர்ஸ் போன் செய்தபோது பஸ் டிரைவரான அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. சோதனைக்காகக் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் தைராய்டு சுரப்பு குறைவாம்.

"எங்க பாப்பா அழுறதே இல்லம்மா. தங்கமான புள்ளைக்குப் போய் வியாதியா?"

"அழாம தூங்கிக்கிட்டே இருக்கிறதும் அதனால இருக்கலாம் சார். இப்பவே மருந்து ஆரம்பிச்சா மூளை நல்லா வளரும். தள்ளிப்போடாதீங்க."

அவர் அப்போதே டிப்போவில் லீவு சொல்லிவிட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து, அவரே ஸ்பூனால் புகட்டினார்.

இப்போது மகளுக்கு மூன்று வயது. மாத்திரை இன்னும் உண்டு, வாய்தான் ஓய்வதில்லை.

"அப்பா, பஸ் எப்ப தூங்கும்?"

அவர் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.