பச்சைத்தண்ணீர்

மாமனாருக்கு இருமல் வந்த பிறகுதான், குளியலறை ஷவரில் வெந்நீர் வரவில்லை என்பது அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசும் விஷயமானது. அதுவரை அவரும் மருமகளும் ஆளுக்கொரு நேரத்தில் உள்ளே போய், பச்சைத்தண்ணீரில் நனைந்து, துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எதுவும் நடக்காததுபோல அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமனார் குளித்துவிட்டு வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி இருமினார். இருமல் நிற்பதாக இல்லை.

"மாமா, என்ன இப்படி நடுங்குறீங்க? தண்ணி சூடா வரலையா?"

"வரலையே. கொஞ்ச நாளாவே வரலம்மா."

"சொல்லவே இல்லையே?"

"உனக்கு வருதுன்னு நினைச்சேன். எனக்குத்தான் அந்த ஹீட்டர் பெட்டிய சரியாத் திருப்பத் தெரியல போலன்னு..."

"எனக்கும் வரல."

அவர் துண்டால் காதைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப நீ ஏம்மா சொல்லல?"

தண்ணீர் சில்லென்று இருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவளுக்குத் தன் கன்னத்தை யாரோ தொடுவது தெரிவதுபோலத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். கூரியர் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு, பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்று ஊராரின் புகார்களைக் கேட்பது அவள் வேலை. வாய் பழக்கத்தில் அங்கே சொல்லும் வாக்கியத்தையே சொன்னது. "சிரமத்துக்கு வருந்துறோம் மாமா."

அவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு இருமினார்.

அவள் கணவன் அந்த வீட்டைவிட்டுப் போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்திருந்தது. சண்டையெல்லாம் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வேறொரு பெண்ணோடு வாழப் போவதாகச் சொன்னான். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தொடர்ந்து துடைத்தாள். இரண்டு பெட்டிகளோடு கிளம்பும்போது, "அப்பாவ அப்புறமா வந்து கூட்டிட்டுப் போறேன், அங்க எல்லாம் செட்டில் ஆகட்டும்" என்றான், மூன்றாவது பெட்டியை விட்டுப் போகிறவன்போல. மாமனார் தன் சின்ன அறையின் கதவோரத்தில் நின்று அதைக் கேட்டார். மாமியார் இறந்ததிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார்.

அவன் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அவளும் "இருங்க" என்றோ "போங்க" என்றோ சொல்லவில்லை. அவர் வாடகைக்கு வந்தவர்போல வீட்டில் நடமாட ஆரம்பித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். காய்ந்த துணியை மடித்து அவள் அறை வாசலில் வைப்பார், உள்ளே வரமாட்டார். டிவியின் சத்தத்தை உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற அளவுக்குக் குறைத்துவைப்பார்.

அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஷவரைச் சோதித்துப் பார்த்தார்கள். குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் கைப்பிடியோடு ஷவர் தலை. கதவுக்கு வெளியே, கூரையிலிருந்து தொங்கும் சுவிட்ச் கயிறு; இழுத்தால் மேலே சிவப்பு விளக்கு எரியும். மாமனார் கயிற்றை இழுத்தார். விளக்கு எரிந்தது.

"கரண்ட் வருது. இப்ப தொட்டுப் பாரு."

அவள் தண்ணீரைத் திறந்து கையை நீட்டினாள். "இல்ல."

அவர் வாசலுக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்து, ஏதாவது சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் மேலேதான் இருந்தன. அவள் திருகியைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினாள்.

"இப்ப?"

"இல்ல மாமா."

"தண்ணிய கம்மியா விட்டுப் பாரு. கம்மியா விட்டா சூடேறும்."

குறைத்தாள். நூல் நூலாக வந்தது, சில்லென்று.

"இப்ப?"

"இல்ல."

கடைசியில் அவர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். "எங்க காலத்துல ரேடியோவுக்கு இதுதான் வைத்தியம்" என்றவர், அதே வேகத்தில், "அவன்தானே இத மாட்டினான், அவனக் கேட்டா..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவன் போனதிலிருந்து அந்த வீட்டில் அவனைப் பற்றி ஒரு சொல் எழுந்தது அப்போதுதான்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். போனை எடுத்தாள். கூப்பிட்டாள். மறுமுனையில் அவன் குரல் கேட்டபோது, அது ஏதோ ஒரு வாடிக்கையாளரின் குரல்போலத்தான் இருந்தது.

"ஷவர்ல வெந்நீர் வரல. லைட் எரியுது. தண்ணி மட்டும் சூடாகல."

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அவனிடம் சாவி இல்லை என்பது கதவைத் திறந்த பிறகுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவன் சட்டையில் வேறு சோப்புத்தூளின் வாசம். ஷூவைக் கழற்றிப் பழைய இடத்தில் வைக்கப் போனான். அங்கே அப்பாவின் செருப்பு இருந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தான். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனான்.

"மெயின ஆஃப் பண்ணிட்டேன். டார்ச்சப் புடி."

அவள் பிடித்தாள். எத்தனையோ முறை பிடித்த கைதான். யாரும் சொல்லாமலே வெளிச்சம் அவன் விரல்களுக்குப் பின்னாலேயே போனது. அவன் மூடியைக் கழற்றினான். உள்ளே செம்புக் குழாய்களும் கம்பிகளும், மூலையில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையும். கரண்ட் பார்க்கும் மீட்டரின் முனைகளை அங்கங்கே வைத்துப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். அவன் பிடரியில் முடி புதுவிதமாக வெட்டப்பட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வெளிச்சத்தை நேராகப் பிடித்திருந்தாள்.

"சூடாக்கற எலிமென்ட் போயிருக்கும். இல்லன்னா வேற ஏதோ. இத நோண்டுறது வேஸ்ட். புதுசு ஒண்ணு வாங்கிட்டு அடுத்த வாரம் வந்து மாட்டிடறேன்."

வெளியே மாமனார் இருமுவது கேட்டது. அவன் தலையை நீட்டிப் பார்த்தான்.

"அப்பா, இந்த இருமலோட இங்க எதுக்கு இருக்கீங்க? அங்க உங்களுக்கு ரூம் ரெடி. வெந்நீர் இருக்கு, எல்லாம் இருக்கு. துணிய எடுத்து வைங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அணைக்கவில்லை. மாமனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

அவர் தொண்டையைச் செருமினார். "நீ கிளம்புப்பா. நாங்க எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பாத்துக்கறோம்."

"நாங்கன்னா?"

"நாங்கன்னா நாங்கதான். இந்த வீட்டுல இருக்கறவங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியா?"

"ஸ்க்ரூட்ரைவர் இங்க கெடக்குது பாருங்க," என்றாள் அவள். "எடுத்துக்கறீங்களா, இல்ல வேணாமா?"

அவன் அதைப் பைக்குள் போட்டான். மூடியை மாட்டினான், ஒரு திருகு மட்டும் சரியாக உட்காரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு போனான். படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் கீழே இறங்குவதை இருவரும் நின்று கேட்டார்கள்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ விலை உயர்ந்த பாத்திரத்தைக் கைதவறி உடைத்தவர்போல இருந்தது அவர் முகம்.

"உன்னக் கேக்காமலே சொல்லிட்டேம்மா. உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடு. நான் நாளைக்கே கூட..."

"இருமல் மருந்து குடிச்சீங்களா?"

"ம்ஹூம்."

"முதல்ல அதக் குடிங்க. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வரும்போது நீங்கதான் வீட்டுல இருக்கணும். எனக்கு லீவு தரமாட்டாங்க."

அவர் தலையாட்டினார். எழுந்துபோய் மருந்துப் பாட்டிலைத் தேடினார். அது அவர் எதிரிலேயே இருந்தது.

மறுநாள் அவள் புகார் ஒன்றின் நடுவில் இருந்தபோது அவளுடைய சொந்த போன் மேசைமேல் துடித்தது. மாமனார். அலுவலக நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. அவருக்கு என்ன ஆனதோ என்று, வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

"அம்மாடி, கண்டுபிடிச்சாச்சு!" அவர் குரல் பக்கத்து இருக்கைவரை கேட்டது. "எலிமென்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஷவர் தல இருக்கு பாரு, அந்த ஓட்டை பூரா சுண்ணாம்பு அடைச்சுக் கெடக்குது. தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ளயே கொதிச்சிருக்கு. பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஃபியூஸ் இருக்காம், சூடு மிஞ்சினா தானா அறுந்துடுமாம். பெட்டி தீப்பிடிக்காம இருக்கறதுக்கு. அது போயிடுச்சு. புதுசு போட்டு, தலையும் மாத்தியாச்சு. ஆளு இன்னும் இங்கதான் இருக்காரு, ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"இனிமே மாசத்துக்கு ஒரு தடவ தலையக் கழட்டிக் கழுவணுமாம். அத நான் பாத்துக்கறேன்."

மேற்பார்வையாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவள் போனை வைத்துவிட்டு, காத்திருந்தவரிடம் வருந்துவதாகச் சொன்னாள்.

மாலையில் குளிக்கப் போனாள். கயிற்றை இழுத்து, கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்தாள். முதலில் சில்லென்று வந்தது, பிறகு வெதுவெதுப்பானது, பிறகு தோளில் சூடாக விழுந்தது. விரல் நுனிகளில் குத்தல் எடுத்தது, மரத்துப்போன கால் விழித்துக்கொள்ளும்போது எடுக்குமே, அதுபோல. தோல் சிவந்தது. சூட்டைக் குறைக்கலாம் என்று கையை நீட்டிவிட்டு, குறைக்காமல் நின்றாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. சும்மா நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. "அம்மா, உள்ள எல்லாம் சரியா இருக்கா? ஷாக் கீக் அடிக்கலையே?"

"அடிக்கல மாமா."

"ரொம்ப நேரமாச்சேன்னு கேட்டேன்."

அவள் வந்ததும் அவர் குளிக்கப் போனார். வெளியே வரும்போது மொட்டைத் தலையில் ஆவி பறந்தது. "யப்பா, என்ன இப்படி வெச்சிருக்க? கோழியா உரிக்கப்போறோம்?" என்றார். "அந்தத் துண்டு வேற உப்புத்தாள் மாதிரி இருக்கு, முதுகெல்லாம் எரியுது. வேற துண்டு வாங்கணும்."

அவர் எதைப் பற்றியும் குறை சொல்லி அவள் வெகுநாளாகக் கேட்டதில்லை. "வாங்கலாம்" என்றாள்.

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவர் போன் அடித்தது. திரையில் மகன் பெயரைப் பார்த்ததும் அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவள் எதிரிலேயே எடுத்தார்.

"ம். சரியாயிடுச்சு. இல்லப்பா, வேணாம். அதெல்லாம் நல்லாத்தான் வருது." கொஞ்சநேரம் மறுமுனை பேசுவதைக் கேட்டார். அவர் குரல் இளகியது. "சரி விடு. நீ சாப்பிட்டியா?"

அடுப்பின் முன்னால் நின்ற அவளுக்குச் சுரீரென்றது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, பொடியாக, சூடாக, ஒரு கோபம். அவன் டார்ச்சைப் பிடி என்றபோது வராதது, சொல்லிக் கொடுத்தாயா என்றபோது வராதது, அவன் சாப்பிட்டானா என்று ஒருவர் கேட்டதற்கு வந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, போன வைங்க. சோறு ஆறுது."

சோறு இன்னும் இறக்கவே இல்லை. அவள் நினைத்ததைவிடச் சத்தமாகத்தான் அது வெளியே வந்திருந்தது. அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "வெச்சிடறேன்பா, கூப்பிடறா" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டு வந்து தட்டுகளை எடுத்து வைத்தார்.

"கோவமா?" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"ஆமா."

அவர் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அடுப்பை அணைத்தாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.