தூங்கி முடித்த ஒப்பந்தம்

எனக்கு எழுபத்தோரு வயது. இரண்டு மொழிகளுக்கு நடுவே நாற்பது வருடம் நின்று கால் கடுத்துப்போனவன். ஓய்வு பெற்று வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று பம்பு கம்பெனி மறுபடி கூப்பிட்டது. போயிருக்க மாட்டேன். ஆனால் என் மாப்பிள்ளைக்கு அங்கேதான் லேத்தில் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் பட்டறை ஓடும். போடாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு.

"மாமா, நீங்க வந்து பேசினாத்தான் உண்டு" என்றார் மாப்பிள்ளை. கல்யாணத்தன்றுகூட என்னிடம் எதுவும் கேட்காத மனிதர். சரி என்றேன். வேலை போனால் அவர், என் மகள், மூன்று வாண்டுகள் எல்லாரும் என் ஒன்றரை அறை வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை.

கம்பெனி ஒரு காரியம் செய்திருந்தது. பண்பாட்டுப் பயிற்சி என்று ஓர் அம்மாவை வரவழைத்து மேனேஜருக்கு மூன்று நாள் வகுப்பு. வருகிறவர்களிடம் குடும்பக் கதை பேசக்கூடாது. அவர்கள் பேசி முடித்ததும் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், அதுதான் அவர்களுக்கு மரியாதை. எங்கள் மேனேஜர் தூக்கத்திலும் போன் பேசுகிறவர். அவர் பத்து எண்ணப் பழகியதற்கே பதக்கம் தரலாம்.

அங்கே அவர்களும் நம்மைப் பற்றி இப்படி ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் நெட்டை. வந்ததும் வராததுமாக மேனேஜரின் தோளில் கைபோட்டு, "அம்மா நலமா? மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். மேனேஜர் பத்து எண்ணினார்.

"மோட்டார் மூன்று குதிரைத்திறன்" என்றார்.

நெட்டையின் முகம் விழுந்தது. ஏதோ மனவருத்தம் என்று நினைத்து, இன்னும் நெருங்கி மாமியாரை விசாரித்தார். மேனேஜர் இருபது எண்ணிவிட்டு என் காதைக் கடித்தார்.

"ஏங்க ஐயா, இந்தாளு ஏன் என் மாமியாரை விசாரிக்கிறான்? ஏதாவது விவரம் தெரிஞ்சுபோச்சா?"

"பிரியமா கேக்கிறாருங்க."

"அவங்களுக்கு அதெல்லாம் கிடையாதுன்னு டீச்சரம்மா சொன்னாங்களே!"

ஒருத்தர் வேஷத்தை ஒருத்தர் போட்டிருக்கிறீர்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நெட்டையும் தன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அச்சடித்ததற்கு முன்னால் கிழவன் சொல் எடுபடுமா?

பிறகு இரு தரப்பும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டன. அப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. டீயின் மேல் ஆடை தடித்து, அதில் ஓர் ஈ உலாவப் போய் வந்தது. சுவரில் பல்லி முட்டையிட்டது. குஞ்சு பொரித்ததா என்று பார்க்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாப்பிள்ளை எண்ணெய்த் துணியைப் பிசைந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடை காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் கண்ணை மூடினேன். நாற்பது வருட அசதி. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது பேனா கீறும் சத்தம். நெட்டை கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறதாம்: இவர்களில் மூத்தவர் உங்கள் எதிரே கண்ணயர்ந்தால், உங்களை வீட்டு மனிதராக ஏற்றுக்கொண்டார் என்று பொருள். மேனேஜர் குறுக்கே பேசவில்லை. அப்போது ஆயிரத்து எண்பத்தேழு வரை எண்ணியிருந்தாராம்.

பட்டறை பூட்டப்படவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் மாதம் ஒருமுறை வருகிறார்கள். எனக்கு மேனேஜரிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது.

"ஐயா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தூங்கினாப் போதும்."

நாற்பது வருடம் வேலை நேரத்தில் கண்ணைச் சுழற்றிய தூக்கம், அதுவே வேலை என்றதும் கிட்டே வர மறுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குறட்டையை மட்டும் விடுகிறேன். முழு விழிப்பில் மூன்று மணி நேரம் குறட்டை விடுவது என்ன பாடு என்று விட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். போன மாதம் கூட்டம் முடிந்து, தொண்டை வறண்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை கொஞ்சம் சத்தமா விடுங்க. லேத் ஓடுற சத்தத்துல எங்களுக்குக் கேக்கலை. நீங்க முழிச்சுட்டீங்களோ, ஒப்பந்தம் போச்சோன்னு பட்டறைப் பசங்க பயந்துட்டாங்க."